அக்காவுக்குக் கண்ணான தங்கை



காலை வேளையில் நிலாவெளிக் கடற்கரையில் நின்றிருக்கிறீர்களா? கரைவலை இழுப்போரின் கூச்சல், எதிரே புறாத்தீவு, அதற்கும் அப்பால் எழும் சூரியன். பக்கத்தில் பார்வையற்ற உங்கள் பிள்ளை நின்றால், இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் காட்டுவீர்கள்?

இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம். நாடகம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இது துப்பாக்கிச் சண்டைக் கதையல்ல. மேற்கே குடியேறிய ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. 1974 முதல் 1983 வரை ஒளிபரப்பான அதன் பெயர் ‘லிட்டில் ஹவுஸ் ஒன் த ப்ரேரி’.

1978 மார்ச்சில் இரு பகுதிகளாக வந்த கதையில், மூத்த மகள் மேரியின் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. இனி மீளாது என்கிறார் வைத்தியர். அதை மகளிடம் எந்த வாயால் சொல்வதென்று தந்தை தவிக்கிறார். ஒருநாள் விழித்தெழுந்த மேரி, எங்கும் இருட்டாயிருக்கிறதே என்று அலறுகிறாள். பெற்ற மனம் தாங்காத காட்சி! பிறகு பார்வையற்றோர் பாடசாலை. அங்கே தானும் பார்வையற்றவரான ஆசிரியர் ஆடம், பரிதாபப்படாமல் கண்டிப்போடு அவளைப் பழக்குகிறார்.

மேரி இங்கல்ஸ் உண்மையில் வாழ்ந்தவர். 1879இல், 14 வயதில் பார்வை இழந்தார். செங்காய்ச்சல்தான் காரணம் என்று தங்கை லோராவின் நூல் சொல்லிற்று. மூளையையும் அதன் உறையையும் தாக்கும் வைரஸ் நோயாகவே இருந்திருக்கும் என 2013இல் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோடு கடும் தலைவலியும் வந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள், சகோதரி.

நாடகம் மேரிக்குத் திருமணம் செய்துவைத்தது. நிஜத்தில் அவர் மணமுடிக்கவில்லை. ஆனால் படித்தார். 1881இல், வீட்டிலிருந்து 300 மைலுக்கு அப்பால் ஐயோவா மாநிலத்துப் பார்வையற்றோர் கல்லூரிக்குப் போய், 1889இல் படிப்பை முடித்தார். பின்னர் குதிரைகளுக்கு ஈ வலை பின்னிக் குடும்பத்துக்கு உழைத்தும் கொடுத்தார். நம் நாட்டிலும் இரத்மலானையில் 1912இலேயே இத்தகைய பாடசாலை தொடங்கிவிட்டது. நிலாவெளியிலிருந்து அது 300 மைல் தூரமில்லை. ஆயினும் “பொம்புளப் புள்ள, கண்ணும் தெரியாது, எங்கே அனுப்புறது?” என்று மூலையில் இருத்திவிடும் வீடுகள் எத்தனை!

மேரியின் படிப்புச் செலவுக்கு உதவ, 16 வயது நிரம்ப இரண்டு மாதம் இருக்கையிலேயே லோரா ஆசிரியை வேலைக்குப் போனார். அதற்கு முன்பே தந்தை அவரிடம் வேறொரு வேலையை ஒப்படைத்திருந்தார்: அக்காவுக்குக் கண்ணாயிரு என்று. புல்வெளி, வானம், வண்டித்தடம் என்று கண்ணில் படுவதையெல்லாம் லோரா சொல்லச் சொல்ல, மேரி கேட்டுக்கொண்டே நடப்பார்.

1932இல், தமது 65ஆம் வயதில், லோரா முதல் நூலை வெளியிட்டார். கேட்டிருந்த மேரி 1928இலேயே மரணமாகிவிட்டிருந்தார்.