ஏ.டி.வி. வண்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மரக்காணம் மணற்பாதைக்கும் மழைக்காலச் சேற்று வழிக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஏ.டி.வி. வாங்கலாமா என்று விழுப்புரம், திண்டிவனம் வணிகர்கள் கேட்பதுண்டு. பைக் போலக் கைப்பிடி பிடித்து ஓட்டும் வண்டி இது. நாம் பார்க்க வேண்டியவை மூன்று.

1. பதிவு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39-ன்படி பதிவில்லா வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது. ஏ.டி.வி.க்களில் பெரும்பாலானவை சாலைப் பதிவுக்கு உரியவை அல்ல. இன்சூரன்ஸ் இன்றி விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு உரிமையாளர் தலையில்தான் விழும். கடை முதலே கரைந்துவிடும்.

2. சுமை: நடுத்தர வண்டி என்பது 400 முதல் 600 சி.சி. வரை. சேற்றில் எளிதில் சிக்காது, ஆனால் பல மாடல்களில் பின்தட்டு தாங்குவது 80 முதல் 110 கிலோதான். ஐம்பது கிலோ அரிசி மூட்டை இரண்டு ஏற்றுவதே கடினம்.

3. வேட்டை: வெளிநாட்டு விளம்பரங்களில் வேட்டைக்கும் காட்டுவார்கள். இங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி வேட்டை குற்றம்.

சொந்தத் தோப்பு, உப்பளம் உள்ளவர்களுக்கு அதன் எல்லைக்குள் ஏ.டி.வி. பயன்படும். கிராமக் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப, பதிவு பெற்ற முக்கால் டன் மினி லாரியே லாபம். எதுவாயினும், பதிவாகும் என்று எழுத்தில் பெறாமல் முன்பணம் தரவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.