ஹெல்சிங்கி–டோக்கியோ: ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்றான கதை

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 7,850 கிலோமீட்டர். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அதன் பரப்பில் வரையப்படும் வட்டம் பெருவட்டம் எனப்படும். இரு ஊர்களின் வழியாகவும் செல்லும் பெருவட்டத்தில் அவற்றுக்கு இடைப்பட்ட சிறிய வில்லே மிகக் குறுகிய பாதையாகும். தட்டையான உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போடுபவருக்கு இப்பாதை கசகஸ்தான், மங்கோலியா வழியே செல்வதாகத் தோன்றினாலும், உண்மையில் அந்த வில் வடக்கே வளைந்து சைபீரியாவின் மேலாகவே செல்கிறது.

மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் இத்தூரத்தைக் கடக்க ஒன்பது மணி நேரம்கூட ஆகாது என்றாலும், கால அட்டவணையில் அச்சிடப்படுவது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் நிற்பது வரையிலான நேரம் என்பதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் சேர்ந்து அது ஒன்பதரை மணி நேரம் என இருந்தது. ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் குறுகிய வழி என்ற இந்தப் புவியியல் சாதகத்தை நம்பியே பின்ஏர் நிறுவனம் தன் ஆசிய வணிகத்தை வளர்த்தது.

உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூட, 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யா பின்லாந்து உள்ளிட்ட 36 நாடுகளின் நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி அந்நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஏற்றிருப்பதால், இத்தகைய தடையை மீறிப் பறக்க வழியே இல்லை. மார்ச் மாதத்தில் மீண்டும் தொடங்கிய டோக்கியோ விமானம், ரஷ்யாவைச் சுற்றிச் செல்ல ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது.

சுற்றுவழிகள் இரண்டு: தெற்கே துருக்கி, காகசஸ், மத்திய ஆசியா, சீனா, வடக்கே நார்வே, வடதுருவம், அலாஸ்கா, பசிபிக். துருவ வழி புதிதன்று. சோவியத் வான்வெளி எளிதில் திறக்காத 1983இலேயே பின்ஏரின் டிசி–10 விமானங்கள் அதில் இடைநில்லாமல் டோக்கியோ சென்றன. இருப்பினும் அது எளிய வழியும் அன்று. எஞ்சின் பழுதானால் இறங்குவதற்கான மாற்று விமான நிலையங்கள் அங்கு மிகக் குறைவு. எரிபொருளின் உறைநிலை சுமார் மைனஸ் 47 டிகிரி என்பதால், இறக்கைத் தொட்டிகளின் வெப்பநிலையையும் விமானிகள் கண்காணித்தாக வேண்டும்.

எந்த வழி என்பதைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம், குறிப்பாகக் குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல், மிகக் கடுமையானது. அதனை எதிர்ப்பதைவிடப் பின்காற்றாகப் பயன்படுத்துவது மேல் என்பதால், டோக்கியோவிலிருந்து மேற்கே உள்ள ஐரோப்பாவுக்குப் புறப்படும் விமானம் முதலில் கிழக்கே, பசிபிக்கை நோக்கித் திரும்பும் விந்தையும் நிகழ்கிறது.

தடைக்கு உட்படாத சீன நிறுவனங்களோ சைபீரியாவின் மேல் தொடர்ந்து பறக்கின்றன. ஆகவே ஐரோப்பாவின் ஒரு நகரிலிருந்து சீனாவின் ஒரே நகருக்குச் செல்லும் இரு நிறுவனங்களின் அட்டவணைகள் இன்று இரு வேறு பயண நேரங்களைக் காட்டுகின்றன.