இஸ்லாம் பாடவேளையும் சுற்றாடல் பாடவேளையும்

ஆரம்பப் பிரிவில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்றொரு பாடம் உண்டு. இஸ்லாம் என்றொரு பாடமும் உண்டு. இரண்டுக்கும் வேறு வேறு பாடநூல்கள், வேறு வேறு பாடவேளைகள். இடைநிலை வகுப்புக்கு வந்ததும் சுற்றாடல் விஞ்ஞானமாகவும் புவியியலாகவும் மேலும் பிரிந்து விடுகின்றது. ஒரு மாணவி இஸ்லாம் விடைத்தாளில் மனிதன் பூமியில் அல்லாஹ்வின் கலீபா என்று எழுதிப் புள்ளி பெறுகிறாள். விஞ்ஞான விடைத்தாளில் நிலத்தடி நீர் மாசடையும் விதத்தை எழுதி அதற்கும் புள்ளி பெறுகிறாள். இடைவேளையில் சோறு சுற்றி வந்த லஞ்ச் சீற்றைச் சுருட்டி மதிலோரம் போடுகிறாள். பொலித்தீன் லஞ்ச் சீற்றை அரசாங்கம் 2017 இல் தடை செய்தது. ஆனாலும் அது நம்மை விட்டுப் போனபாடில்லை.

அவள் இரண்டு பாடங்களையும் சரியாகவே படித்திருக்கிறாள். அவை இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்படி கலைத்திட்டம் அமையவில்லை என்பதே குறை. இதைச் சீர்செய்ய வேண்டும் என்று பேசுவோர் பெரும்பாலும் எளிய வழியொன்றைச் சொல்வதுண்டு: சுற்றாடல் பாடத்தின் தலைப்பில் ஓர் ஆயத்தைச் சேர்த்து விடுவோம், மரநடுகை தினத்தன்று ஒரு ஹதீஸை வாசிப்போம். நல்ல காரியம்தான். ஆனால் அலங்காரத்திற்கு வைத்த ஆயத் அலங்காரமாகவே நின்று விடும். மார்க்க அறிவு ஒரு செயலை மாற்ற வேண்டுமானால், அந்தச் செயலே பாடமாக வேண்டும்.

இதற்கு நல்லதோர் உதாரணம் கிழக்கு ஆபிரிக்காவில் இருக்கின்றது. தன்ஸானியாவின் ஸன்ஸிபார் பகுதியில் பெம்பா என்ற தீவும், அதற்கு அருகே மிஸாலி என்ற மிகச் சிறிய தீவும் உள்ளன. மக்கள் அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள். பலருக்குத் தொழில் மீன்பிடி. மிஸாலியைச் சுற்றியுள்ள முருகைக்கற் பாறைகள் மீன்களின் வீடு. அந்த வீட்டையே சிலர் டைனமைற் வைத்துத் தகர்த்து மீன் அள்ளினார்கள். ஒரு வெடியில் அன்றைய வலை நிறையும். ஆனால் உடைந்த முருகைக்கல் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் செல்லும். அரசாங்கச் சட்டம் இருந்தும் அது கடலில் செல்லுபடியாகவில்லை.

1998 இல் மிஸாலி பாதுகாக்கப்பட்ட பிரதேசமானது. அங்கு பணியாற்றிய கெயார் நிறுவனத்தோடு சேர்ந்து, சூழலியலுக்கான ஓர் இஸ்லாமிய நிறுவனம் மீனவர்களுக்கும் இமாம்களுக்கும் ஆசிரியர்களுக்கும் செயலமர்வுகளை நடத்தியது. அந்த நிறுவனத்தை பிரித்தானியாவில் ஆரம்பித்தவர் பஸ்லுன் காலித். இவர் 1932 இல் நமது இலங்கையில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் நான்கு சொற்களை அடிப்படையாக வைத்தார்: தவ்ஹீத், பித்ரா, மீஸான், கலீபா. படைத்தவன் ஒருவன், படைப்புகள் யாவும் அவன் அமைத்த இயல்பில் இருக்கின்றன, அவற்றுக்கிடையே ஒரு சமநிலை உண்டு, அதைப் பேணும் பொறுப்பு மனிதனுடையது. சூரா அர்ரஹ்மானின் 7 முதல் 9 வரையான ஆயத்கள் மீஸானைப் பற்றிப் பேசுகின்றன. அதை ஓதிய மீனவரிடம், வெடி வைத்த பாறை எந்த மீஸானைச் சேர்ந்தது என்று கேட்டால் அவருக்குப் புரியாமற் போகுமா? சட்டத்திற்கு அசையாத பலர் இதற்கு அசைந்தார்கள்.

அந்த அனுபவத்தைக் கொண்டு 2008 இல் ஆசிரியர்களுக்கான ஒரு வழிகாட்டி நூலும் வெளிவந்தது. அதன் பின்னணி கவனிக்கத்தக்கது. ஊரின் உண்மையான பிரச்சினை முதலில் வந்தது. ஆயத் அதற்கு விளக்கமாக வந்தது. நூல் கடைசியில் வந்தது. நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மிஸாலியில் உபதேசம் மட்டும் நடக்கவில்லை, மீன்பிடிக்கவே கூடாத ஒரு வலயமும் ஒதுக்கப்பட்டது. வயிற்றுப் பிழைப்பை மறந்து எந்தக் கலைத்திட்டமும் கடற்கரையில் வெற்றி பெறாது.

நம்மிடம் டைனமைற் இல்லை. தண்ணீர்க் குழாய் இருக்கின்றது. ஆறாம், ஏழாம் தரங்களுக்கு ஒரு பாடத்தை இப்படி அமைக்கலாம் என்று நினைக்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்ததாகவும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. (இந்த முத்து கடலில் குளிக்கும் முத்து அல்ல, அரபு அளவைப் பெயர்.) ஸாஉ நமக்குப் புதியதல்ல. ஸகாத்துல் பித்ராவுக்கு ஆளுக்கு அளந்து கொடுக்கும் அரிசியின் அளவு அதுதான். அதில் நான்கில் ஒன்று ஒரு முத்து. நடுத்தரமான ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. நீரில் முக்கால் லீற்றர் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம்.

இஸ்லாம் பாட ஆசிரியை ஹதீஸையும், உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் என்ற சட்டத்தையும் படிப்பிக்கட்டும். கணித ஆசிரியை மாணவிகளை வுழூச் செய்யும் இடத்திற்கு அழைத்துச் செல்லட்டும். ஒருத்தி குழாயை வழமைபோலத் திறந்து வுழூச் செய்ய, கீழே வைத்த வாளியில் விழும் நீரை மற்றவள் அளக்கட்டும். குழாய் நிமிடத்திற்கு 6 லீற்றர் தருமானால், ஒன்றரை நிமிட வுழூவுக்கு 9 லீற்றர் போகும். ழுஹருக்கு 300 மாணவிகள் என்றால் 2700 லீற்றர். முத்துக் கணக்கில் பார்த்தால் 225 லீற்றர் போதும். இந்த எண்களை நான் ஓர் உதாரணத்திற்காகவே போட்டேன். உங்கள் குழாயின் எண் வேறாக இருக்கும். அதை நீங்களே அளந்து எழுதுவதுதான் பாடம். பிறகு விஞ்ஞானப் பாடத்தில் அந்த நீர் எங்கிருந்து வந்தது, எந்தக் காணுக்குப் போகின்றது, அதை ஒரு வாழைப் பாத்திக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்கலாம். ஒரே வுழூ, மூன்று பாடவேளை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பைத்தான் நம் சுவரொட்டிகளில் அதிகம் காண்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் அறிஞர்கள் பலரின் முடிவு. ஸஹீஹான ஹதீஸ் கையில் இருக்கும்போது பாடநூல் அதன்மீதே நிற்க வேண்டும். சுற்றாடலுக்காகப் பேசுகிறோம் என்பதற்காக மார்க்க ஆதாரத்தில் தளர்வு காட்டினால், இரண்டு பாடங்களுமே மாணவியின் மதிப்பை இழந்து விடும்.

உயர்ந்த வகுப்புகளுக்குக் கடினமான கேள்வியையே கொடுக்கலாம். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் திறந்த குப்பை மேடொன்று இருக்கின்றது. அங்கு வரும் காட்டு யானைகள் உணவின் வாசம் பிடித்த பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. சுற்றியுள்ள ஊர்களின் குப்பைதான் அது. அவற்றில் நம்மவர் வாழும் ஊர்களும் உண்டு. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். அந்தப் பூனை இருந்த இடத்தில் ஒரு யானையை வைத்து, யார் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று ஒரு பத்தாம் தர வகுப்பு விவாதிக்கட்டும். சோற்றைச் சுற்றியவரா, வாங்கியவரா, குப்பையைப் பிரிக்காத வீடா, கொண்டு போய்க் கொட்டிய சபையா? இதற்குத் தயார் விடை கிடையாது. ஆகவே கணிப்பீடும் வேறு விதமாக வேண்டும். ‘கலீபா என்பதன் கருத்து யாது?’ என்று கேட்டால் மனனம் வரும். ‘உமது வகுப்பின் ஒரு வாரக் குப்பையை அளந்து, அதில் இஸ்ராப் எது என்று காரணத்தோடு பிரித்து எழுதுக’ என்று கேட்டால் அவள் குப்பைக் கூடையருகே போய்த்தான் ஆக வேண்டும்.

இதற்குப் பாடநூல் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசிய கல்வி நிறுவகம் தரும் ஆசிரியர் வழிகாட்டியில் செயற்பாட்டை ஊருக்கு ஏற்ப அமைத்துக் கொள்ள ஆசிரியருக்கு இடமுண்டு. சுற்றாடல் முன்னோடிக் கழகமும் பல பாடசாலைகளில் இருக்கின்றது. குறைவது, இரண்டு பாட ஆசிரியைகள் தவணை ஆரம்பத்தில் ஒரு மணித்தியாலம் சேர்ந்து உட்காருவதுதான். பரீட்சை நெருக்கடியில் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு அரிது என்பதையும் அறிவேன்.

பெற்றோருக்கு உரிய பகுதியும் ஒன்றுண்டு. அது மனைப்பொருளியலோடு சேரும். நம் கலியாண வீடுகளில் சஹன் வைப்பது வழக்கம். ஆறு பேருக்கு ஒரு தட்டு. கழுவினால் அடுத்த பந்திக்கும் அதே தட்டு. வீசி எறியும் கோப்பை கிடையாது, சோறு மிஞ்சுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இப்போது அந்த ஒரு சஹனைச் சுற்றி ஆறு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களும் ஆறு வட்டிலப்பக் கோப்பைகளும் ஆறு கரண்டிகளும் வந்து விட்டன. அடுத்த விருந்தில் பிள்ளை கொப்பியும் பேனையுமாய் வந்து இவற்றை எண்ணத் தொடங்கினால், வாப்பாவும் உம்மாவும் அவளை ஏசாமல் சஹன்களின் எண்ணிக்கையையும் சொல்லிக் கொடுக்கட்டும்.