காற்று கண்டுகொள்ளாத இழை

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தொடர்ந்து 12 மாதங்களில் 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான எரிசக்தியைச் செலவழிக்கும் எந்தத் தொழிற்சாலையும் பதிவுபெற்ற எரிசக்தி நிர்வாகி ஒருவரை நியமித்தாக வேண்டும். தணிக்கைக்கும் உட்பட வேண்டும். சில்லு, மருந்து, மருத்துவக் கருவி செய்யும் ஆலைகளில் தணிக்கையாளரின் கண் முதலில் விழக்கூடிய இடம், காற்றை வடிகட்டித் தூசியில்லாமல் வைத்திருக்கும் கிளீன்ரூம். ஃபில்டர் விற்பனையாளர்களுக்கும் இது தெரியும். ‘ஃபில்டரை மாற்றுங்கள், பாதி மின்சாரம் மிச்சம்’ என்ற விளம்பரத்தோடு அவர்கள் வருகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வட சிலாங்கூரின் சுங்கை பெசார், சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை வந்ததிலிருந்து, மின்னணுத் தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ் தோட்டத்துப் பிள்ளைகள் பலரையும் ஏற்றிச் சென்றிருக்கிறது. கூலிம் தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கைவேயிலும் கிளீன்ரூமுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சடங்கு பழகிப்போன ஒன்று: ஒட்டும் பாயில் செருப்பைப் பதித்து எடுப்பது, தலை முதல் கால் வரை வெள்ளை உடை, பிறகு நாலாபக்கமும் காற்றடிக்கும் சின்ன அறை. உள்ளே போனால் இரவு பகலாக ஓயாத ஓர் இரைச்சல். மின்கட்டணம் ஓடுகிற சத்தம் அது.

கூரையில் வரிசையாகப் பதித்திருக்கும் ஹெப்பா ஃபில்டர்கள் வழியாக விசிறிகள் காற்றைத் தள்ளுவதால் வரும் இரைச்சல் அது. 0.3 மைக்ரான் தூசியில் 99.97 விழுக்காட்டை நிறுத்த வேண்டும் என்பது இந்த ஃபில்டர்களுக்கான பழைய இலக்கணம். ஏன் 0.3? அதைவிடச் சின்னத் தூசி இன்னும் சுலபமாக நழுவிப் போகாதா? போகாது. சல்லடை என்று நினைத்தால் இந்தப் பொருள் புரியாது.

ஒரு ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். எல்லா மரத்திலும் பால் பூசியிருக்கிறது, தொட்டவர் ஒட்டிக்கொள்வார். மரத்துக்கு மரம் இடைவெளி தாராளம். காற்று வளைந்து வளைந்து நிரைகளுக்கிடையே போகிறது. பெரிய தூசி, பாரம் ஏற்றிய லோரி. காற்று வளைந்தாலும் லோரியால் வளைய முடியாது, நேரே போய் மரத்தில் மோதும். அதைவிடச் சற்றுச் சிறியது, அகலமான மாட்டுவண்டி. வளைவில் திரும்பிவிடும், ஆனால் விலா உரசி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னத் தூசியோ வழி தெரியாத கோழிக்குஞ்சு. காற்று மூலக்கூறுகள் நாலு பக்கமும் இடிக்க, அங்குமிங்கும் தத்தளித்து ஏதாவதொரு மரத்தில் போய் முட்டும். இந்த மூன்றிலும் சேராமல் தப்பித்துப் போகிறவர் சைக்கிளில் வரும் மண்டோர்தான். வளைவில் திரும்பத் தெரியும், உரசும் அளவுக்கு உடல் இல்லை, தத்தளிக்கும் அளவுக்கு லேசும் இல்லை. 0.1 முதல் 0.3 மைக்ரான் வரையிலான தூசி இந்த மண்டோர். அவரைப் பிடித்துவிட்டால் மற்ற எல்லோரும் பிடிபட்டதாகவே கணக்கு. அதனால்தான் சோதனை அவரை வைத்து நடக்கிறது.

அவரைப் பிடிக்க ஒரு வழி, மரங்களை நெருக்கி நடுவது. அப்படிச் செய்தால் காற்றுக்கே மூச்சு முட்டும். ஃபில்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறும், விசிறி அதிகமாக உழைக்கும். பல்லாண்டுகளாகக் கண்ணாடியிழைத் தாளை மடித்து மடித்துப் பரப்பைக் கூட்டியே இதைச் சமாளித்தார்கள். கூரையில் 4 அடிக்கு 2 அடி தெரிகிற பலகைக்குள் 16 சதுர மீட்டர் அளவுக்குத் தாள் மடிந்திருப்பது உண்டு. காற்று பலகையை வினாடிக்கு 45 சென்டிமீட்டரில் கடந்தாலும் தாளுக்குள் 2 அல்லது 3 சென்டிமீட்டரில்தான் நகர்கிறது.

இன்னொரு வழி இழையையே மெலிதாக்குவது. இங்கேதான் இயற்பியல் மனத்தைக் கொள்ளைகொள்கிறது. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதுவதற்கு முன் சராசரியாக 0.066 மைக்ரான் தூரம் பயணம் செய்கிறது. இழை அதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும்வரை, அதன் மேற்பரப்பைத் தொடும் காற்று அங்கேயே நின்றுவிடும். நின்ற காற்று பக்கத்துக் காற்றைப் பிடித்து இழுக்கும். அந்த இழுவைதான் விசிறிக்குச் சுமை. இழையின் தடிமன் 0.1 மைக்ரான் அளவுக்கு இறங்கியதும் கதை மாறுகிறது. மூலக்கூறுகளுக்கு அந்த இழை ஒரு சுவராகவே தெரிவதில்லை. காற்று நிற்காமல் அதன் மேல் வழுக்கிப் போகிறது, இழுவை குறைகிறது. தூசிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. டெஃப்லான் என்ற பெயரில் அறியப்படும் பிடிஎஃப்இ பொருளை வெடுக்கென்று இழுத்தால் இப்படி நுண்ணிழை வலையாக விரியும் என்று 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டுபிடித்தார். இன்றைய சவ்வு ஃபில்டர்கள் அதன் வழிவந்தவை.

பழைய வரலாற்றுக்கு இங்கே நான்கு வரி போதும். ஹெப்பா பிறந்தது இரண்டாம் உலகப்போரின் அணுகுண்டுத் திட்டத்தில். கதிரியக்கத் தூசியைப் பிடிக்கச் செய்தது. மேலிருந்து கீழாகச் சீராகக் காற்றை இறக்கும் கிளீன்ரூமை 1960களின் தொடக்கத்தில் சாண்டியா ஆய்வுக்கூடத்தின் வில்லிஸ் விட்ஃபீல்டு உருவாக்கினார்.

இனிக் கணக்கு. அந்த 4 அடிக்கு 2 அடிப் பலகை வழியாக வினாடிக்குச் சுமார் 0.33 கன மீட்டர் காற்று போகிறது. கண்ணாடித் தாள் 120 பாஸ்கல் அழுத்தம் கேட்கிறது, சவ்வு 60 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசிறியும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் ஓடினால், பலகைக்கு 40 வாட் மிச்சம். விசிறி தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகிறது. அதை வெளியேற்றும் சில்லர் இயந்திரத்தில் இன்னொரு 10 வாட் குறையும். ஆண்டு முழுக்க 50 வாட் என்றால் ஏறக்குறைய 440 யூனிட். ஆயிரம் பலகை உள்ள ஆலைக்கு 4,40,000 யூனிட். யூனிட்டுக்கு 40 சென் போட்டால் 1,76,000 ரிங்கிட். ஒதுக்கிவிடக்கூடிய தொகை அல்ல.

ஆனால் ‘பாதி’ என்ற சொல் எதன் பாதி என்று கேட்க வேண்டும். பாதியானது அந்த ஒரு ஃபில்டரின் அழுத்தம். ஆலையின் மின்கட்டணம் இல்லை. வெளியே 30 பாகை வெயிலில் நம் ஊர்க் காற்றின் ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. 22 பாகையில் உலர்வாக வைத்திருக்கும் கிளீன்ரூமுக்குள் 9 கிராம் போல இருந்தால் போதும். மிச்சத்தைக் குளிரவைத்துப் பிழிந்தெடுக்கும் செலவை எந்த ஃபில்டராலும் தொட முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று பல நேரங்களில் விடுபடுகிறது. ஃபில்டரை மாற்றிவிட்டு விசிறியின் வேகத்தை அப்படியே விட்டால், தடை குறைந்த வழியில் கூடுதல் காற்று பாயும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தால்தான் கட்டணம் குறையும். புது ஃபில்டர் போடாமலேயே காற்றோட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் விசிறி மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பல அமைப்புகளில் பாதிவரை இறங்கும். ஆளில்லாத நேரத்தில் இதைச் செய்யலாம், ஏனென்றால் கிளீன்ரூமில் தூசியைக் கொண்டுவருகிறவர்களில் முதல் ஆள் மனிதர்தான். ஒரே தரத்து அறைகளுக்கிடையே காற்றோட்டம் பெரிதும் வேறுபடுவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் அளந்து காட்டியிருக்கிறது. பலர் தேவைக்கு மேல் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். 2019இல் வந்த ஐஎஸ்ஓ 14644-16 என்ற தரநிலையும் கிளீன்ரூமின் எரிசக்திச் சேமிப்புக்காகவே எழுதப்பட்டது.

வட சிலாங்கூருக்கென்று ஒரு சோதனையும் உண்டு. ராஜா மூசா கரிமண் காடு தீப்பிடித்தாலும், அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்தினாலும் எழும் புகைத் துகள்களில் எண்ணிக்கைக்குப் பெரும்பகுதி 0.1, 0.2 மைக்ரான் வாக்கில் இருப்பவை. ஃபில்டர் பிடிக்கவே சிரமப்படும் அதே அளவு. புகைமூட்ட நாட்களில் வெளிக்காற்றை இழுக்கும் முன்-ஃபில்டர்கள் கறுத்துப்போகும். பக்கத்தில் மாட்டியிருக்கும் வட்ட அழுத்தமானியின் முள் ஏறும். புதிதாக இருக்கும்போது எத்தனை பாஸ்கல் என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் வரும். எந்தக் காற்று வேகத்தில் அளந்தது, தூசி படிந்த பிறகு எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

சவ்வு ஃபில்டருக்குத் தனிப் பலமும் பலவீனமும் உண்டு. கண்ணாடியிழையிலிருந்து கசியும் போரான் சில்லைக் கெடுக்கும் என்பதால் சில்லு ஆலைகள் சவ்வை விரும்புகின்றன. மருந்து ஆலைகளிலோ ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எண்ணெய்ப் புகையைச் செலுத்துவார்கள். அது அடர்த்தியாகப் போனால் சவ்வு அடைத்துக்கொள்ளும். பிடிஎஃப்இ, எளிதில் மக்காத பிஃபாஸ் வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் முழுவதையும் கட்டுப்படுத்தும்படி ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் 2023இல் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் முன்மொழிந்திருக்கின்றன. பத்தாண்டுக்கு உழைக்கும் என்று இன்று வாங்குகிற ஆலை, மாற்று ஃபில்டர் அப்போது எந்த இழையில் கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.