சாவி பத்திரம்! செயற்கை நுண்ணறிவுக்கு ஏபிஐ வழி திறப்பது எப்படி?

தானா ராத்தாவில் நாளை பிற்பகல் மழை வருமா? கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. கைப்பேசியில் பார்த்துவிடலாம்தான். ஆனால் நீங்களே எழுதிய ஒரு நிரல் தினமும் காலையில் அந்த விவரத்தை எடுத்து வந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? அதை எழுத செயற்கை நுண்ணறிவுக் கருவியும் உதவினால்? இந்த இரண்டு வேலைக்கும் தேவைப்படுவது ஒன்றே: ஏபிஐ.

ஏபிஐ என்றால் என்ன?

தோட்ட ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாரும் நேராக நுழைய முடியாது. சன்னலில் கிராணி இருப்பார். என்ன வேண்டும் என்று குறிப்பிட்ட முறையில் எழுதிக் கொடுத்தால், அவர் உள்ளே சென்று எடுத்து வந்து தருவார். ஸ்டோருக்குள் பொருள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஏபிஐ அப்படிப்பட்ட ஒரு சன்னல். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் உதவி கேட்பதற்கான ஒழுங்குமுறை அது. இந்தச் சிந்தனை புதிதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியில் பணியாற்றிய வில்க்ஸ், வீலர், கில் மூவரும், ஒருவர் எழுதிய துணைநிரல்களை மற்றவர்களும் பயன்படுத்தும் முறையை 1951-இல் நூலாகவே வெளியிட்டனர்.

சாவி இல்லாத சன்னல், சாவி உள்ள சன்னல்

மலேசிய அரசின் திறந்த தரவுத் தளத்தில் வானிலைக்கு ஓர் ஏபிஐ உண்டு. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பு அதில் கிடைக்கும். காலை, பிற்பகல், இரவு நிலவரமும், குறைந்த, கூடிய வெப்பநிலையும் ஒரே பதிலில் வரும். பதில் மலாயில் இருக்கும். 'ஹுஜான்' என்றால் மழை என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்குச் சாவி தேவையில்லை. எல்லார்க்கும் திறந்த சன்னல்.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் சன்னல் அப்படியல்ல. ஒவ்வொரு பதிலுக்கும் அவர்களுடைய பெரிய கணினிகள் மின்சாரம் செலவழித்து உழைக்கின்றன. ஆகவே யார் கேட்டார், எவ்வளவு கேட்டார் என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்குக்கான அடையாளம்தான் ஏபிஐ சாவி. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம் அது. அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், செலவு கணக்கு வைத்திருப்பவர் பெயரில்தான் ஏறும்.

அமைப்பது எப்படி?

1. கணக்கைத் திறப்பது பெரியவரின் வேலை. பல நிறுவனங்கள் ஏபிஐ கணக்குக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன. பெற்றோரோ ஆசிரியரோ திறக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து செய்யுங்கள்.

2. செலவு வரம்பை முதலில் வையுங்கள். முன்பணம் கட்டும் முறை இருந்தால் அதுவே நல்லது. கட்டிய பத்து வெள்ளிக்கு மேல் தானாகப் பணம் எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

3. சாவியை உருவாக்குங்கள். பெரும்பாலும் அது ஒருமுறைதான் முழுதாகக் காட்டப்படும். பாதுகாப்பான இடத்தில் சேமியுங்கள்.

4. சாவியை நிரலுக்குள் எழுதாதீர்கள். கணினியின் சூழல் மாறியில் அதை வைத்து, நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். அப்போது நிரலை நண்பருக்கு அனுப்பினாலும் சாவி போகாது.

5. ஒரே ஒரு சிறிய கேள்வி அனுப்பிச் சோதியுங்கள். 401 என்று வந்தால் சாவி தவறு. 429 என்றால் மிக வேகமாகக் கேட்டுவிட்டீர்கள், அல்லது வரம்பு முடிந்துவிட்டது. 500 என்றால் கோளாறு அவர்கள் பக்கம்; சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுங்கள்.

சாவி வெளியே போனால்?

கிட்ஹப் போன்ற தளங்களில் பொதுவில் போடப்படும் நிரல்களில் சாவிகளைத் தேடித் திரியும் தானியங்கிகள் உண்டு. வகுப்புப் புலனக் குழுவில் போடும் திரைப்பிடிப்பில்கூடச் சாவி தெரியலாம். போட்டதை அழித்துவிட்டால் போதாது. கிட்ஹப்பில் பழைய பதிப்புகள் வரலாற்றில் அப்படியே இருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: கணக்குக்குள் சென்று அந்தச் சாவியை உடனே செல்லாததாக்கிப் புதியது எடுங்கள். தயங்காமல் பெரியவரிடம் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வீட்டுப் பணம்.

செலவு எப்படி ஏறுகிறது?

இக்கருவிகள் எழுத்தை 'டோக்கன்' என்ற சிறு துண்டுகளாக வெட்டி எண்ணுகின்றன. நீங்கள் அனுப்புவதற்கும் விலை. அது தரும் பதிலுக்கும் விலை.

இங்கே தமிழருக்கு ஒரு சிக்கல் உண்டு. 'தேயிலை' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது ஆறு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 18 பைட். ஆங்கிலத்தில் தேயிலைக்கான சொல் வெறும் 3 பைட். கருவிகள் பயின்ற எழுத்துகளிலும் ஆங்கிலமே மிகுதி. ஆகவே ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டால் பொதுவாகக் கூடுதல் டோக்கன் ஆகிறது.

இன்னொன்று: உரையாடல் நீளும்போது பொதுவாக முன்பு பேசியது முழுவதும் ஒவ்வொரு முறையும் மீண்டும் அனுப்பப்படுகிறது. புதிய வேலைக்குப் புதிய உரையாடல் தொடங்கினால் செலவு குறையும்.

கருவி சொன்னது சரியா? அறிவியல் சொல்லும்

கருவி வானிலை நிரலை எழுதித் தந்துவிட்டது. நாளைய கூடிய வெப்பநிலை 32 செல்சியஸ் என்று திரையில் வருகிறது. நம்பலாமா?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் குறையும். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.44-ஐ 6.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9. சமவெளியில் 32 என்றால் இங்கே 23 அளவில்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் 32 எங்கிருந்து வந்தது? அந்த ஏபிஐயில் மாநிலம், மாவட்டம், நகரம் என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. கேமரன் மலைக்குப் பதிலாகப் பகாங் மாநிலத்தின் குறியீட்டைக் கருவி எடுத்திருக்கலாம். நிரல் பிழையின்றி ஓடும். விடை மட்டும் தவறு. இத்தகைய பிழையைக் கணினி காட்டிக்கொடுக்காது. ஏபிஐயின் விளக்கக் குறிப்பைத் திறந்து குறியீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பவரே கண்டுபிடிப்பார்.

செய்து பாருங்கள்

முதலில் சாவி தேவைப்படாத வானிலை ஏபிஐயை மட்டும் பைத்தானில் அழைத்துப் பாருங்கள். ஒரு வாரம் முன்னறிவிப்பைக் குறித்துவைத்து, உங்கள் ஊரில் உண்மையில் மழை பெய்ததா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஏழு நாளில் எத்தனை நாள் பொருந்தியது? அந்த அட்டவணையோடு ஆசிரியரிடம் செல்லுங்கள். சாவி கேட்க அதைவிட நல்ல விண்ணப்பம் இல்லை.