தோப்பூர் வயலுக்கு எந்தத் துவக்கு?

பெரும்போக நெல் பால் பிடிக்கத் தொடங்கினால் வயலுக்குப் பன்றி வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும். “காக்கா, சின்ன ரைபிள் ஒன்று எடுத்தால் என்ன? இருபத்திரண்டு காணும்தானே?”

கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பொடியன்கள். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆட்கள் வீட்டுப் பின்வளவில் தகரப் பேணிகளை வரிசையாக அடுக்கிச் சுட்டுப் பழகுவதையும், அதே துவக்கால் முயல் அடிப்பதையும் யூடியூபில் பார்த்திருக்கிறார்கள். பகலில் குறிபார்த்துப் பழகலாம், இரவில் வயலைக் காக்கலாம், ஒரே துவக்கில் இரண்டு வேலை என்பது அவர்களுடைய கணக்கு. அந்த நாடுகளில் இந்தக் கணக்கு சரிதான். தோப்பூரில் ஏன் சரிவராது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். துவக்கைப் பற்றித் தெரியாமல் அதை வேண்டாம் என்று சொன்னால் எந்தப் பொடியனும் கேட்கமாட்டான். ஆகவே துவக்கிலிருந்தே தொடங்குவோம்.

இருபத்திரண்டு என்று இவர்கள் சொல்வது .22 எல்.ஆர். தோட்டாவைச் சுடும் ரைபிளை. குழலின் வாய் ஏறக்குறைய 5.6 மில்லிமீற்றர். 1887 இல் அமெரிக்காவில் உருவான இந்தத் தோட்டாதான் இன்றும் ஒலிம்பிக் 50 மீற்றர் ரைபிள் போட்டியில் சுடப்படுகிறது. சன்னத்தின் நிறை 2.6 கிராம் அளவில் இருக்கும், வேகம் செக்கனுக்கு 330 மீற்றர் அளவில். கணக்குப் போட்டால் குழல் வாயில் சுமார் 140 ஜூல் சக்தி. தோளில் உதைக்காது, சத்தமும் பெரிதில்லை, மலிவு. பழகுவோருக்கு இது பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்குக் கீழே இருப்பது வாயுத் துவக்கு. 4.5 மில்லிமீற்றர், 5.5 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. வெடிமருந்து இல்லை, சுருள்வில்லோ அடைத்து வைத்த காற்றோ ஈயக் குண்டைத் தள்ளும். போட்டிக்குரிய 4.5 துவக்கில் அரைக் கிராம் குண்டு செக்கனுக்கு 170, 175 மீற்றர் வேகத்தில் போகும். சக்தி 8 ஜூலுக்கும் குறைவு. மேலே இருப்பது எங்கள் வாப்பாமார் வைத்திருந்த 12 போர் சொட்கன். ஒரே வெடியில் 30 கிராம் அளவு ரவை, 2000 ஜூலுக்கு மேல். ரவை பரந்து போவதால் 35, 40 மீற்றருக்கு அப்பால் அதை நம்ப முடியாது.

இந்த மூன்றில் குறிபார்க்கப் பழகுவதற்கு எது என்று கேட்டால் தயங்காமல் 4.5 வாயுத் துவக்கு என்பேன். ஒலிம்பிக்கில் 10 மீற்றர் போட்டி இதனால்தான் நடக்கிறது. இலக்கு அட்டையின் நடுவில் பத்துப் புள்ளிக்கு உரிய இடம் வெறும் அரை மில்லிமீற்றர் பொட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பரிசிலும் இந்தியாவுக்காகச் சுட்டது இந்தப் போட்டியில்தான். எங்கள் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோவில் நின்றதும் இதே பத்து மீற்றரில்தான். கொழும்பின் சில பெரிய பாடசாலைகளில் இது ஒரு விளையாட்டு. மூச்சை அடக்குவதும் விசையை மெல்ல இழுப்பதும் பத்து மீற்றரில் வராவிட்டால் ஐம்பதிலும் வராது. 5.5 குண்டு பாரம் கூடியது, கொஞ்சம் கூடிய தூரம் வலுவை வைத்திருக்கும், ஆனால் வளைந்து விழும். அட்டையில் சுடுவதற்கு அது தேவையில்லை.

வாயுத் துவக்கை விளையாட்டுச் சாமான் என்று யாரும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கண் போகும். குழந்தையின் மண்டை ஓட்டைத் துளைத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. அட்டைக்குப் பின்னால் மண் மூட்டையோ தடித்த மண் சுவரோ வேண்டும். கல்லும் வெறும் இரும்புத் தகடும் குண்டைத் திருப்பி அனுப்பும்.

இனி வயலுக்கு வருவோம்.

ஒரு பெரிய ஆண் பன்றி 80 கிலோவைத் தாண்டும். அதன் தோளின் மேல் குருத்தெலும்பு போல இறுகிய தடித்த தோல் ஒரு கவசமாக இருக்கும். இரவில், டோர்ச் வெளிச்சத்தில், அசையும் பன்றிக்கு இருபத்திரண்டால் வெடி வைத்தால் அது விழாது. காயத்தோடு பற்றைக்குள் போகும். அடுத்த நாள் காலையில் அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் புல் அறுக்கப் போகும் பெண்தான் அதைச் சந்திப்பாள். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெரும்பாலானோர் பன்றி இறைச்சி தொடாதவர்கள். வேட்டை என்ற சொல்லுக்கே இங்கே பொருளில்லை, இருப்பது விரட்டல் மட்டும்தான். விரட்டுவதற்குச் சத்தம் வேண்டும். இருபத்திரண்டில் சத்தமும் குறைவு!

யானை விடயம் இதைவிட மோசம். 2024 இல் மாத்திரம் இலங்கையில் 388 யானைகளும், யானைகளால் 155 மனிதர்களும் இறந்தார்கள். யானைகளின் சாவுக்குத் துவக்குச் சூடு முக்கிய காரணங்களில் ஒன்று. சிறிய சன்னமும் ரவையும் யானையை உடனே கொல்வதில்லை. காயம் சீழ் பிடித்து, கால் வீங்கி, வாரக்கணக்கில் அலைந்து சாகிறது. அப்படி வலியோடு திரியும் யானைதான் மனிதனைக் கண்டதும் ஓடாமல் எதிரே வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் 1400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் கையில் இருந்தவை பெரிய குழல் துவக்குகள். அவரைப் பார்த்துச் சின்னத் துவக்கு எடுப்பவர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். 1845 இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார் என்பது வேறு கதை.

குரங்கும் மயிலும் என்றால்? அவற்றுக்கு வாயுத் துவக்கு போதுமே என்பார்கள். விவசாயிகளுக்கு வாயுத் துவக்கு கொடுக்கும் பேச்சு அரசாங்க மட்டத்திலும் அடிக்கடி எழுகிறது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மயில், மரஅணில் எண்ணினோமே, அந்தக் காலத்திலும் இந்தப் பேச்சு இருந்தது. எட்டு ஜூல் குண்டு குரங்கின் தோலுக்குள் போய்த் தங்கும், சாகடிக்காது. கூட்டம் அன்று போகும், நாளை வரும். குண்டு வாங்கியது மட்டும் எங்கோ ஒரு மரத்தில் அழுகிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மிருகத்தைப் பற்றியது. எனக்குப் பெரிய பயம் குறி தவறிய சன்னத்தைப் பற்றியது. இருபத்திரண்டு தோட்டாப் பெட்டிகளில் ஒரு மைலுக்கு மேலும் ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். உண்மையில் அது ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் மேலே போகும். யூடியூபில் சுடுபவர்களின் பின்னால் ஒரு மேடோ மலைச்சரிவோ இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். சன்னம் அதில் புதையும். அல்லைத் திட்டத்து வயல் வெளியில் மேடு எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. முழங்கால் உயர வரம்புதான் மேடு. அதற்கு அப்பால் இன்னொருவரின் வாடி, அதில் காவலுக்குப் படுத்திருக்கும் மனிதன், அதற்கும் அப்பால் வீதி.

தட்டை மட்டுமா, தண்ணீரும் நிற்கிறது. சிறுவர்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் அது தத்தித் தத்திப் போவதைப் போல, தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்ட சன்னம் எழும்பித் திசை மாறிப் பறக்கும். மெதுவாகப் போகும் வட்ட முனை ஈயச் சன்னமாகிய இருபத்திரண்டு இதற்குப் பேர்போனது. மகாவலித் தண்ணீர் நிறைந்த வயலில் நின்று சுடுபவன் தன் சன்னம் எங்கே போய் நின்றது என்று சொல்லவே முடியாது. சொட்கனின் சின்ன ரவை இருநூறு, முந்நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். பழையவர்கள் வயலுக்கு 12 போரைத் தெரிந்தெடுத்ததில் விலை மட்டுமல்ல, இந்தப் புத்தியும் இருந்தது.

எங்கள் வாப்பாவிடமும் ஒற்றைக் குழல் 12 போர் ஒன்று அனுமதிப்பத்திரத்தோடு இருந்தது. அவர் அதைச் சுட்டதைவிட எண்ணெய் பூசித் துடைத்ததுதான் அதிகம். 80 களில் கிழக்கில் இப்படியான துவக்குகளில் ஒரு பகுதியை அரசு திருப்பி வாங்கியது, மறு பகுதியை இயக்கங்கள் வந்து கேட்டு வாங்கின. எங்களுடையது இரண்டாவது வகையில் போனது. அதன் பிறகு முப்பது வருடம் துவக்கு என்றால் வேறு பொருள். 2006 இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டுச் சண்டை தொடங்கி மூதூரும் தோப்பூரும் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்ததைக் கண்டவர்களுக்கு, இரவில் வயல் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் முதலில் பன்றி நினைவுக்கு வராது. பொடியன்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம், அவர்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள்.

சட்டம் இன்றும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான். 1996 இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்ப் பாதுகாப்புக்கென்று நடைமுறையில் கிடைப்பது 12 போர். மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கிராம சேவையாளரின் சான்றும் பொலிஸ் அறிக்கையும் வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். துவக்கை அதன் வலுவால் அளக்கிறது இந்தச் சட்டம். வரிசையாக நிறுத்திய அட்டைகளை எத்தனை துளைக்கிறது என்பது அளவுகோல். ஆகவே ‘காற்றுத்தானே’ என்று நினைத்து வாயுத் துவக்கு வாங்குபவர், கடைக்காரனிடம் கேட்பதற்கு முன் பொலிஸில் கேட்பது நல்லது. கட்டாரிலிருந்து வரும் மச்சானின் பொதியில் போட்டு எடுக்கலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். மான், மரை அடித்தால் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குக் கட்டளைச் சட்டமும் சேர்ந்து வரும்.

அனுமதி கிடைக்காத இடத்தில் என்ன நடக்கிறது? இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் வருகின்றன. தண்ணீர்க் குழாய்த் துண்டில் மருந்தும் இரும்புத் துண்டும் அடைத்து, பன்றி வரும் தடத்தில் கம்பி இழுத்துக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுப்பது. கம்பி பன்றியின் உயரத்தில் இருக்கும், அது மனிதனின் முழங்கால் உயரம். நாட்டின் வைத்தியசாலைகளில் கால் போய்க் கிடக்கும் விவசாயிகளில் சிலர் தாங்களே கட்டிய கம்பியில் பட்டவர்கள். மின்கம்பத்திலிருந்து நேரே வேலிக்கு இழுக்கும் வயரும் இதே வகைதான். சின்ன ரைபிள் கேட்கும் பொடியனை வெறுமனே ஏசி அனுப்பினால் அவன் இந்தப் பக்கம் போகக்கூடும். எனக்கு இருக்கும் கவலை அதுதான்.

அவனுக்கு நான் சொல்வது இவ்வளவு. குறிபார்க்க ஆசையென்றால் அனுமதியோடு 4.5 வாயுத் துவக்கு, பத்து மீற்றர், பின்னால் மண் மூட்டை, அட்டை இலக்கு. வயல் காக்க வேண்டுமென்றால் துவக்கை மறந்துவிட்டு, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு வாப்பாவோடு நீயும் வா. தீர்மானித்த திகதியில் எல்லோரும் விதைத்தால் நெல் ஒன்றாக விளையும், பன்றியின் தின்னல் முழு வட்டைக்கும் பங்கிட்டுப் போகும், காவலையும் முறை வைக்கலாம். பிந்தி விதைத்த ஒற்றை வயலில்தான் அது குடும்பத்தோடு வந்து இறங்கும். காட்டுப் பக்க எல்லையில் சூரிய சக்தியில் ஓடும், விட்டு விட்டு அடிக்கும் மின்வேலி போடலாம். செலவை நாலைந்து வயல்காரர் பகிர்ந்தால் தாங்கும், கீழ்க் கம்பியில் புல் முட்டாமல் வாரம் ஒருமுறை வெட்டத்தான் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு இருபது வயதுப் பொடியன் நல்ல ஆள்.