ஐஸ் தட்டில் அடங்கிய விஞ்ஞானம்

கோடை காலத்தில் விருந்தினர் வந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பது நம் இல்லங்களில் வழக்கம். அதில் இரண்டு ஐஸ் துண்டுகள் போடலாம் என்று எண்ணிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், அங்கேதான் சோதனை ஆரம்பமாகிறது. தட்டு ஃபிரீசரின் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. தட்டு வந்தாலும் அதிலுள்ள ஐஸ் வர மறுக்கிறது. தட்டிப் பார்க்கிறோம், முறுக்கிப் பார்க்கிறோம், கடைசியில் சமையலறைக் கத்தியைத் தேடுகிறோம். அந்தக் கத்தியால் விளையும் கேட்டைப் பின்னால் சொல்கிறேன். இவ்வளவு சிறிய தட்டு நம்மை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறது என்பதை முதலில் காண்போம்.

தட்டே தேவைப்படாத காலமும் ஒன்று இருந்தது. 19-ம் நூற்றாண்டில் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பல் கப்பலாக வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-ம் ஆண்டில் அது கல்கத்தாவை வந்தடைந்தது. சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டிடம், அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க எழுப்பப்பட்டதே. அதனால்தான் அந்தப் பகுதிக்கே 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பெரும் பாளங்களாக வந்த ஐஸை வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்வார்கள்.

இயந்திரத்தால் ஐஸ் செய்ய வழி கண்டவர்களில் ஒருவர் ஒரு மருத்துவர் என்பதைப் பலர் அறியார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழ்ந்த ஜான் கோரி, காய்ச்சலில் துடிக்கும் நோயாளிகளின் அறையைக் குளிரச் செய்ய வேண்டும் என்ற இரக்கத்தினாலேயே அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1851-ம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது; பணம் கிடைக்கவில்லை. 1855-ல் வறுமையிலேயே மறைந்தார். பின்னர் 1910-களில் வீட்டுக்கான மின்சாரக் குளிர்சாதனப் பெட்டிகள் அமெரிக்காவில் தோன்றின. சிகாகோவில் 1914-ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த 'டொமெல்ரி' என்ற பெட்டியோடு ஐஸ் செய்யும் சிறு தட்டும் சேர்ந்து வந்தது. நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐஸ் தட்டு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. நீரிலுள்ள உஷ்ணத்தை விரைவாக வெளியே கடத்தி அதை உறையச் செய்வது ஒன்று. உறைந்த ஐஸைச் சுலபமாக விட்டுவிடுவது மற்றொன்று. முதல் வேலையில் கெட்டிக்காரப் பொருள் இரண்டாவதில் பிடிவாதக்காரனாக இருக்கிறது. இரண்டாவதில் தாராளமாக இருக்கும் பொருளோ முதலாவதில் சோம்பேறி! இந்தப் பிணக்கைத் தீர்க்க முயன்றதே ஐஸ் தட்டின் சரித்திரம் முழுவதும் எனலாம்.

முதல் வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தட்டில் 300 கிராம் நீர் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குழாய் நீர் 30 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். அதை 0 டிகிரிக்குக் கொண்டுவர 9,000 கலோரி உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டும். அப்பொழுதும் அது நீர்தான். 0 டிகிரி நீரை 0 டிகிரி ஐஸாக மாற்ற ஒவ்வொரு கிராமுக்கும் இன்னும் 80 கலோரி, ஆக 24,000 கலோரி வெளியேற வேண்டும். வகுப்பில் 'உள்ளுறை வெப்பம்' என்று படிக்கிறோமே, அது இதுதான். தட்டு சில்லென்று இருந்தும் உள்ளே ஐஸ் ஆகவில்லையே என்று குழந்தைகள் மணிக்கொரு முறை கதவைத் திறந்து பார்ப்பதும், அதனாலேயே மேலும் தாமதமாவதும் நாம் அறிந்தவையே.

உஷ்ணத்தைக் கடத்துவதில் அலுமினியம் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு சிறந்தது. ஆகவே தொடக்க காலத் தட்டுகள் உலோகத்தால் ஆனவை. தட்டைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்ததிலும் நியாயம் உண்டு. 6 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 216 சதுர சென்டிமீட்டர். அதையே 3 சென்டிமீட்டர் பக்கமுள்ள எட்டுத் துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 432 ஆகிவிடுகிறது. சிறு துண்டு விரைவில் உறையும். பானத்தில் போட்டால் விரைவில் குளிர்விக்கும். விரைவில் கரைந்தும் போகும். சாறு நீர்த்துப்போகாமல் நெடுநேரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமானால் பெரிய துண்டே நல்லது.

இனி இரண்டாம் வேலைக்கு வருவோம். ஐஸ் ஏன் ஒட்டுகிறது? கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் உலோகத்திலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உள்ளன. நீர் அவற்றிலெல்லாம் புகுந்து பரவி, அங்கேயே கல்லாகிவிடுகிறது. சுத்தமான உலோகத்தின்மீது இந்தப் பிடி எவ்வளவு உறுதியானதென்றால், பிடுங்கினால் ஐஸ் உடையுமே தவிர ஒட்டு விடாது. மேலும், நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. பக்கச் சுவர்கள் செங்குத்தாக இருந்தால், பெருத்த ஐஸ் சுவர்களை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆதலால்தான் அறைகளை அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் செய்கிறார்கள். நம் வீட்டு டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பாருங்கள். வாய் அகன்ற டம்ளர்கள் எளிதில் பிரியும். நேராக இருப்பவை சிக்கிக்கொள்ளும்.

இந்த இரகசியத்தை நம் பாட்டிமார்கள் ஐஸ் தட்டு பிறக்குமுன்பே அறிந்திருந்தார்கள். இட்லித் தட்டின் குழியில் ஒரு மூலையாவது உண்டா? ஆழமற்ற, வளைந்த குழி, அதன்மேல் ஈரத்துணி. வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின்மேல் சிறிது நீர் தெளித்து, ஓர் ஓரத்திலிருந்து துணியை மெல்ல உரிக்கிறார்கள். முழு இட்லியையும் ஒரே இழுப்பில் பெயர்த்தால் பிய்ந்து போகும். ஓரத்திலிருந்து உரிக்கும்போதோ, எந்த நொடியிலும் ஒரு மெல்லிய கோட்டளவு இடம்தான் பிரிய வேண்டியிருக்கிறது. வளைகின்ற பொருளை வளையாத பொருளிலிருந்து ஓரமாக உரித்தெடுத்தல்: பிற்காலத்து ஐஸ் தட்டுகள் எல்லாம் கண்டுபிடித்தது இதைத்தான்.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் கோப்மன் என்ற கண்டுபிடிப்பாளர், 1928-ஐ ஒட்டி, மேப்பிள் மரங்களின் இனிப்புச் சாற்றைச் சேகரிக்கப் பனிச் சகதியில் நடந்து சென்றார். தம்முடைய ரப்பர் பூட்ஸில் படிந்த பனி ஒட்டாமல் உதிர்வதைக் கவனித்தார். எத்தனையோ பேர் அதே பூட்ஸுடன் அதே சகதியில் நடந்திருப்பார்கள். அவர் ஒருவர்தான் அதை ஐஸ் தட்டோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தார். ரப்பர் தட்டு பிறந்தது. வளைத்தால் ஐஸ் விட்டுவிடும். ஆனால் ரப்பர் உஷ்ணத்தை மெதுவாகவே கடத்தும். நாளடைவில் இறுகி வெடிக்கவும் செய்யும்.

உலோகத்தையே வளைய வைத்தால் என்ன என்று சிந்தித்தவர் கை டிங்காம். 1933-ம் ஆண்டில் அவர் அமைத்த மெல்லிய எவர்சில்வர் தட்டை இரு கைகளாலும் வளைத்தால் ஐஸ் அறை அறையாக விரிசல் விடும். பக்கங்கள் 5 டிகிரி சாய்வாக இருந்தமையால் துண்டுகள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு வெளியே வரும். அன்று அதன் விலை ஐம்பது சென்ட்.

பழைய வீடுகள் சிலவற்றில் நெம்புகோல் வைத்த அலுமினியத் தட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். தட்டு தனி, தடுப்புச் சட்டம் தனி. கைப்பிடியைத் தூக்கினால் தடுப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் அசையாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே சாயும். ஆகையால் ஒரு சமயத்தில் ஒரு வரிசை ஐஸை மட்டும் விடுவிக்கும் பலம் இருந்தால் போதும். அறிவுக் கூர்மையில் இதற்கு நிகரான தட்டு வேறில்லை என்பது என் கருத்து. எனினும் ஐஸ் நொறுங்கிச் சிதறும். இணைப்புகளில் அழுக்குத் தங்கும். ஈரக் கையால் தொட்டால் விரலிலுள்ள ஈரம் உறைந்து விரலே ஒட்டிக்கொள்ளும்.

இப்பொழுது பெரும்பாலும் பிளாஸ்டிக் தட்டுகளே. பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. பாலிஎத்திலீன் கடுங்குளிரிலும் துவண்டு கொடுக்கும். சாதாரண பாலிப்ரொப்பிலீனோ ஃபிரீசர் குளிரில் விறைத்துவிடும். முறுக்கியதும் மூலையில் விரிசல் காண்பது இதனால்தான். அறைகளுக்கிடையே உள்ள தடுப்பில் சிறு பள்ளம் வெட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஓர் அறையில் நீர் ஊற்றினால் அதன் வழியே மற்ற அறைகளும் சமமாக நிரம்பும். அந்தப் பள்ளத்துக்கு மேலும் நீர் ஊற்றிவிட்டால், துண்டுகள் அனைத்தும் ஒரே பலகையாக இணைந்துவிடும். அப்புறம் தட்டைக் குறை கூறிப் பயனில்லை! முக்கால் பங்கு நிரப்பினால் போதும்.

அண்மைக் காலத்தில் வந்துள்ள சிலிகோன் தட்டுகள் பூ, நட்சத்திரம் என்று அழகழகான வடிவங்களில் கிடைக்கின்றன. நீர் நிரப்பித் தூக்கினால் நடுவில் தொய்ந்து சிந்திவிடும். அடியில் ஒரு பலகை வேண்டும். ஆனால் இதில் ஒரு நன்மை உண்டு. முறுக்க வேண்டியதில்லை, அடியிலிருந்து ஒரு விரலால் அழுத்தினால் ஒரு துண்டு மட்டும் வரும். மூட்டுவலியால் மணிக்கட்டைத் திருப்ப இயலாத முதியவர்கள் உள்ள வீட்டில், விலை சற்றுக் கூடினாலும் இதை வாங்கலாம். பிளாஸ்டிக்கோ, சிலிகோனோ, அலுமினியத்தைவிட உறைய நேரமாகுமே என்று கேட்கலாம். குளிர்ந்த உலோகத் தரையின்மீது தட்டு உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டியில் வேறுபாடு நன்றாகத் தெரியும். குளிர்காற்று சுழலும் பெட்டியில் அவ்வளவாகத் தெரியாது. அங்கே தாமதத்துக்குப் பெரும் காரணம் காற்றே.

இனிக் கத்தியின் கதை. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் ஃபிரீசரின் சுவரும் தரையும் வெறும் தகடுகள் அல்ல. இரண்டு அலுமினியத் தகடுகளை ஒன்றாக ஒட்டி, அவற்றுக்கிடையே நரம்புகளைப் போன்ற பாதைகள் அமைத்து, அவற்றில் குளிரூட்டும் வாயுவை ஓட விட்டிருக்கிறார்கள். தட்டின் அடியில் கத்தியைச் செருகி நெம்பும்போது முனை தவறி அந்த நரம்பில் பட்டால், 'உஸ்' என்ற ஓசையுடன் வாயு வெளியேறிவிடும். மாதக்கணக்கில் சேமித்து வாங்கிய பெட்டி அந்த நொடியில் வெறும் அலமாரியாகிவிடும். தற்காலப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற தீப்பற்றும் வாயு இருக்கிறது. அளவு சிறிதேயானாலும், ஓசை கேட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அடுப்பையோ மின்சார சுவிட்சையோ தொடாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். சமையலறையில் உதவி செய்யும் சிறுமிகளும் பணிப்பெண்களும்தான் பெரும்பாலும் இந்தக் கத்தியை எடுக்கிறார்கள். ஒருவரும் அவர்களுக்குச் சொல்லாத குறைதான்.

ஒட்டிக்கொண்ட தட்டை எடுக்க, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் ஓரங்களில் சிறிது நேரம் வைத்தால் போதும். தட்டை உள்ளே வைக்குமுன் அதன் அடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் அதற்கும் அவசியமில்லை. ஒட்டவைக்கும் பசை அடியில் தங்கிய அந்தச் சில நீர்த்துளிகளே. தட்டிலிருந்து ஐஸ் வராவிட்டால் ஒரு கிண்ணத்து நீரில் தட்டின் அடியை நொடிப்பொழுது தொட்டெடுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் குடிநீரை வீணாக்க வேண்டாம். தட்டைத் தேய்க்கும்போது சாம்பலும் இரும்பு நாரும் ஆகா. அவை இடும் கீறல்களெல்லாம் அடுத்த முறை ஐஸ் பற்றிக்கொள்ளும் பிடிகளாகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீர் உறைந்துவிட்டால் கிருமிகள் செத்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது தவறு. டைபாய்டு கிருமி ஐஸுக்குள் உயிரோடு இருக்க வல்லது. ஐஸ் கரைந்ததும் அது பானத்தில் கலந்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரையே தட்டில் ஊற்ற வேண்டும்.

இறுதியாக, மாணவிகளுக்கு ஒரு சோதனை. ஐஸ் துண்டின் நடுவில் வெள்ளையாக மேகம் போல் தெரிவது நீரில் கரைந்திருந்த காற்று. ஐஸ் காற்றை ஏற்காது. நாற்புறமும் உறைந்துகொண்டு வரும்போது காற்று நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. ஏரியில் மேலிருந்து கீழாக மட்டும் உறைவதால் காற்று கீழே தள்ளப்பட்டு, ஐஸ் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். அம்மாவின் அனுமதியோடு, ஒரு சிறு தெர்மாகோல் பெட்டியில் நீர் ஊற்றி, மூடாமல் ஃபிரீசரில் வையுங்கள். பக்கத்திலேயே வழக்கமான தட்டையும் வையுங்கள். அடிப்பகுதி உறையுமுன்பே பெட்டியை எடுத்து, மேலே படிந்த ஐஸைத் தட்டிலுள்ள துண்டோடு வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.